அன்னக்கூடையோடு அளந்த கால்

ஜூலை 6, ஞாயிறு

வெயில். காற்றே இல்லை. கடல்கூடச் சோம்பேறியாகக் கிடக்கிறது, என்னைப் போல.

இன்றைய சாதனை: வேலு மாமாவின் ஸ்பீக்கர். பைக்கில் கட்டிக்கொண்டு மீன் விற்பார். "சங்கரா, வஞ்சிரம், நெத்திலி" என்று அவர் குரலே பதிவாகி ஓடும். அதன் வாலில் ஒரு பூனைக் கத்தலை ஒட்டிவிட்டேன். மூன்று தெரு தாண்டித்தான் கவனித்தாராம். அதற்குள் நிஜப் பூனை நாலு பின்னாலேயே ஊர்வலம்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்தாள், உடனே சுவரைப் பிடித்துக்கொண்டாள். குதிகால்.

மூன்று மாதமாக இப்படி. எழுந்ததும் முதல் பத்து அடி ஆணி மேல் நடக்கிற மாதிரியாம். மீன் விற்க எங்கள் பனித்திட்டிலிருந்து கிருமாம்பாக்கம் நடந்து போய், அங்கே ஆறு தெரு சுற்றி, திரும்ப வேண்டும். தலையில் அலுமினிய அன்னக்கூடை நிறைய மீனும் ஐஸும். காலில் தேய்ந்து அப்பளமாகிப்போன ரப்பர் செருப்பு.

சாயங்காலம் வேலு மாமா வந்தார். என்னைப் பிடிக்கத்தான் என்று பாத்ரூமில் ஒளிந்தேன். இல்லை, தன் அக்காவிடம் பேச, அதாவது என் அம்மாவிடம்.

"யக்கா, இன்னாத்துக்கு நொண்டிக்கினு அலையிற? உன் ஆறு தெருவயும் நானே பைக்ல சுத்திட்டு வந்துடறேன். நீ வூட்டுல குந்து."

"ஆடி பொறக்கட்டும்டா. சொல்றேன்."

அம்மா இப்படிச் சொன்னால் பாதி சம்மதம். எனக்குப் பிடிக்கவில்லை. எந்த வீட்டில் வளைகாப்பு, எந்த வீட்டு நாய் குட்டி போட்டது, எல்லாச் செய்தியும் அவளுக்கு அந்த ஆறு தெருவில்தான் கிடைக்கிறது. வீட்டில் குந்தினால் என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பாள். இருவருக்குமே ஆபத்து.

ஆடிக்கு இன்னும் பதினோரு நாள்.

ஜூலை 7, திங்கள்

தூறல். பள்ளிக்கு அரை நாள் லீவு. காரணம்: தாயைக் காத்தல்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அம்மாவின் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பாதத்து ஜவ்வு வீங்கியிருக்கிறதாம். வெறுங்கால் கூடாது. ரப்பர் செருப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது.

டாக்டரம்மா கேட்பது: குதிகாலைக் கெட்டியாகப் பிடிக்கிற ஷூ. பாதத்தின் பள்ளத்துக்கு முட்டு. லேசில் மடங்காத அடி. விரலுக்குத் தாராளமாக இடம்.

அம்மா கேட்பது: நனையலாம். கழுவலாம். வழுக்கக் கூடாது. அப்புறம், கையே படாமல் கழற்றி மாட்ட வேண்டும்.

கடைசிதான் தலைவலி. எந்த வீட்டுப் படியும் செருப்போடு ஏற முடியாது. ஒரு நடைக்கு முப்பது வீடு. தலையில் கூடையை வைத்துக்கொண்டு குனிந்து வார் அவிழ்த்தால் மீன் எல்லாம் தரையில் நீந்தும்.

"வாசலுக்கு வாசல் கூடைய எறக்கி வெச்சுட்டு கழட்டேன்மா."

"திரும்ப தூக்கி உட நீ கூட வரியா?"

அடுத்த ஆட்சேபமும் உடனே வந்தது.

"ஷூ போட்ட மீன்காரிய எங்கனா பாத்துக்கிறியாடி? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. சிரிக்கிற வாயி பேரம் பேசாது."

தலையில் ஒரு தட்டு. வலிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

பள்ளி விட்டு வந்தேன். அம்மா பாயில் மதியத் தூக்கம். நல்ல சமயம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தைப் பாதத்தில் ஒட்ட வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். கொசு என்று நினைத்து மூக்கில் ஓர் உதை விட்டாள். கலை அறிவியலுக்காகச் செய்த தியாகம் (என் பெயர் கலை).

பெருவிரல் பக்கத்தில் எலும்பு ஒரு குட்டி மலை. அதையும் விடாமல் வரைந்தேன்.

பஸ்ஸில் பாகூர். கடைத்தெருவில் செருப்புக் கடை. பணம் அம்மாவின் டப்பாவிலிருந்து, அவள் அனுமதியோடு (ஏறக்குறைய). கடையைப் பார்த்துக்கொள்கிற அக்கா தாளை வாங்கி, ஒரு கறுப்பு ஷூவின் அடியில் வைத்துப் பார்த்தார். கச்சிதம்.

"வூட்டுக்குள்ள போட்டுப் பாரு. தெருவுல நடந்துட்டா மாத்த மாட்டேன், சொல்லிட்டேன்."

வீட்டில் அம்மா உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்தாள். பொருந்தியது! கூடத்தில் நாலு நடை. கல்யாணப் பெண் மாதிரி ஒரு வெட்கம் வேறு. நான் நாதஸ்வரம் வாசித்தேன், வாயால்.

ஜூலை 10, வியாழன்

புழுக்கம். கணக்கு டெஸ்ட், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மாலை வீட்டுக்கு வந்தால் அம்மா வெறுங்காலோடு. சுண்டுவிரலில் கொப்புளம். ஷூ? அன்னக்கூடைக்குள், ஐஸ் மேல்.

மூன்றாவது தெருவிலேயே உயிர் போய்விட்டதாம். கழற்றிக் கூடையில் போட்டிருக்கிறாள். டீச்சர் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இது இன்னா மீனு?" என்று கேட்டார்களாம்.

"கறுப்பு மீனுமா. ஜோடியாத்தான் குடுப்பேன்"னு சொன்னாளாம் அம்மா.

சொல்லிச் சிரித்தாள். பிறகு காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, "வேலு சொல்றதுதான் சரி கலை. அவனையே பாத்துக்க சொல்லிடறேன்" என்றாள்.

ஷூவை எடுத்துத் துடைத்து, உள்ளே கைவிட்டுப் பார்த்தேன்.

நேற்று பொருந்திய ஷூ இன்று எப்படிக் கடிக்கும்?

ஜூலை 11, வெள்ளி

காலை. குழாயடி. அம்மா ஈரக்காலோடு சிமென்டுத் தரையில் நின்றாள். கூடையைத் தூக்கித் தலையில் ஏற்றிவிட்டேன். நகர்ந்தாள்.

தரையில் இரண்டு விதத் தடம்! கூடை ஏறும் முன் பதிந்தது நடுவில் மெலிந்து அளவாக இருந்தது. ஏறிய பின் பதிந்தது அப்படியே பரந்து, விரல்கள் நண்டுக் கால் மாதிரி விரிந்து கிடந்தது.

"யம்மா! அப்படியே நில்லு! ஆடாத!"

"இன்னாடி, பாம்பா?"

"காலுமா, காலு!"

செய்தித்தாளை விரித்து அதன் மேல் நிற்க வைத்தேன். தலையில் முழுக் கூடை. நான் தரையில் குப்புறப் படுத்து வரைந்தேன். யூனிபார்ம் பூரா மண்.

"தெருவே பாக்குதுடி, பைத்தியம்."

இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். புதியது அரை விரல் அகலம் கூட, ஒரு நகம் நீளம் கூட. படுத்திருக்கும் அம்மாவுக்கு ஷூ வாங்கி, சுமக்கும் அம்மாவுக்கு மாட்டிவிட்டிருக்கிறேன். அறிவாளி!

பள்ளிக்குத் தாமதம். முட்டி போட்டேன். சந்தோஷமாகத்தான்.

ஜூலை 12, சனி

மேகமூட்டம். வியாபாரம் முடித்ததும் இருவரும் பாகூர். வர மாட்டேன் என்றவளை, "கடைசியா ஒரு தரம்மா. அப்புறம் மாமா கிட்ட குடுத்துடு" என்று சொல்லி அழைத்துப் போனேன். காலி அன்னக்கூடையும் சும்மாடும் என் கையில்.

கடைக்கார அக்கா பழைய ஷூவை மோந்து பார்த்தார். முகம் பத்தடி பின்னால் போனது.

"தெருவுல நடந்தா மாத்த மாட்டேன்னு சொன்னனே. இது நடக்கவே இல்ல, நீந்தியிருக்குது."

"மாத்த வாணாங்க்கா. இத மட்டும் பாருங்க." இரண்டு தாளையும் நீட்டினேன்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் அம்மாவிடம், "எவ்ளோ கிலோ தூக்குவீங்க?"

"இருவது இருக்கும்மா."

பக்கத்து அரிசிக் கடையிலிருந்து இருபது கிலோ மூட்டை வந்தது. சும்மாடு, கூடை, மூட்டை. மூவரும் சேர்ந்து ஏற்றினோம். செருப்புக் கடை நடுவில் தலையில் அரிசியோடு என் அம்மா. ஸ்கூல் ஷூ வாங்க வந்த குடும்பம் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

லேடீஸ் பக்கம் எதுவுமே சேரவில்லை. எல்லாம் ஒல்லிக் கால் மகாராணிகளுக்கு. அக்கா ஜென்ட்ஸ் பக்கம் போனார்.

"ஆம்பள ஷூவா? அய்ய!"

"வூட்டு ஆம்பள போடல, நீயாவது போடேன்," என்றேன். அப்பா படகில் வெறுங்காலோடுதான் போவார்.

இரண்டு ஜோடி தோற்றது. மூன்றாவது: முழுக்க ரப்பர், முன்பக்கம் அகலம், அடி கெட்டி. குதிகால் பக்கம் சரிவாக இருப்பதால் கால் தானாக உள்ளே வழுக்கி இறங்குகிறது, இறங்கியதும் கப்பென்று பிடித்துக்கொள்கிறது. பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்கிற தனித்தட்டு ஒன்றை அக்காவே உள்ளே போட்டுவிட்டார்.

அம்மா கடை நீளத்துக்கு நடந்தாள். படி இறங்கித் தெருவுக்குப் போனாள். வாசலில் ஒரு காலால் மறு காலைக் கழற்றிவிட்டு ஏறினாள், திரும்ப இறங்கி மாட்டினாள். கை கூடையை விட்டு அசையவில்லை. இன்னொரு தரம். அப்புறம் சும்மாவே இன்னொரு தரம்.

"யம்மா, அது அரிசிக்கடைக்காரர் மூட்ட. எடுத்துக்கினு பனித்திட்டு போயிடாதீங்க," என்றார் அக்கா.

பழைய ஜோடி எனக்கு. போட்டால் பூனைகள் என்னையும் பின்தொடரும்.

ஜூலை 13, ஞாயிறு

இதமான காற்று. முழு நடையும் பார்க்க வேண்டும் என்று கூடவே போனேன்.

முதல் தெருவில் பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர்: "இன்னா யக்கா, ஓட்டப்பந்தயமா?"

"ஆமா. நீ வாய் கொப்பளிக்கிறதுக்குள்ள ஊர சுத்திட்டு வந்துடுவேன்."

சிரித்தார். சங்கரா ஒரு கிலோ வாங்கினார். பேரம் இல்லை. (நான் சொன்னேன் அல்லவா.)

மூன்றாவது தெரு. அம்மா நிற்கவில்லை. நான்காவது. டீச்சர் வீட்டம்மா கேட்டார்கள்: "ஆடியிலேர்ந்து உன் தம்பி வருவாருன்னாங்களே?"

"யாரு சொன்னது? நான்தான் வருவேன். நாளைக்கி எறா எடுத்து வெக்கிறேன்."

அப்படியே, சாதாரணமாக. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தேன். ஜலதோஷம்.

ஆறு தெரு முடிந்தது. கூடையில் கொஞ்சம் மீதி. வீட்டுக்குத் திரும்புவாள் என்று பார்த்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறாள். எப்போதோ விட்டுவிட்ட தெருவாம். பார்த்துவிட்டு வரலாமாம்.

பாதி வழியில் என் செருப்பு வார் பிய்ந்துவிட்டது. தார் ரோடு சுடுகிறது. மூச்சு வாங்குகிறது. அம்மா எங்கேயோ போய்விட்டாள்.

"யம்மா! நில்லுமா!"

தலையில் கூடை இருந்தால் திரும்ப முடியாது. திரும்பாமலேயே கத்தினாள்:

"சீக்கிரம் வாடி, ஐசு கரையுது!"