பெயிண்ட் கடைக்காரன் வீட்டுக் கேட்டு

20-8-2023, ஞாயிறு
புதுக் கேட்டு மாட்டியாயிற்று. ஆர்க்கிடெக்ட் மருமகள் சிந்துஜா தனியாக ஆபீஸ் போட்ட பிறகு வரைந்த முதல் வேலை. சாம்பல் நிறம், நன்றாகத்தான் இருக்கிறது. பிரைமர் எடுக்கக் கிளம்பினேன். "இதுக்குப் பெயிண்ட்டே கூடாது மாமா. செம்பு கலந்த இரும்பு. மேல புடிக்கிற துருவே தோலாட்டம் நின்னு உள்ள காப்பாத்தும்" என்றாள்.
சிதம்பரத்தில் முப்பது வருடமாகப் பெயிண்ட் விற்பவனிடம் சொல்கிற பேச்சா இது?

3-9-2023
ஆரஞ்சு.

17-9-2023
பழைய இரும்புக்காரர் வண்டியை நிறுத்தி, "சார், கேட்ட எடைக்குப் போடுறீங்களா?" என்றார். வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

23-11-2023
புவனகிரி கல்யாணம். போகும்போது கேட்டில் சாய்ந்திருக்கிறேன் போல. பந்தி முடியும்வரை முதுகில் காவிப் பட்டை. ஒருத்தராவது சொன்னார்களா!

14-1-2024, போகி
ஊரே என் கடையில் பெயிண்ட் வாங்குகிறது. என் வீட்டுக் கேட்டு மட்டும் இப்படி. கடலூரிலிருந்து மச்சான் அறிவழகன் வந்தான். "ஊருக்கெல்லாம் பெயிண்ட் விக்கிறீங்க, ஒங்க கேட்டுக்கு ஒரு டின்னு இல்லியா மாமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். மானமே போச்சு. சிந்துஜாவிடம் கத்தித் தீர்த்தேன்.
"இன்னொரு மழ பொறுங்க மாமா. அடுத்த போகிக்கும் கையில ஒட்டுச்சின்னா நீங்களே அடிச்சிடுங்க. நான் ஆபீஸ மூடிட்டு ஒங்க கடையில பில்லு போடுறேன்." கண் கலங்கியிருந்தது.
நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "சரி" என்றேன். சனியன் பிடித்த வாய்.

9-7-2024
செங்கல் நிறம். தேய்த்துப் பார்த்தேன், கையில் ஒட்டுகிறது. ஜெயிக்கிறேன். சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும்?

12-12-2024
அடைமழை. கேட்டு புளியங்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கிறது. கடையிலிருந்து கலர் அட்டையைக் கொண்டுபோய்க் கேட்டில் வைத்துப் பார்த்தேன். காலையில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம் — ஒன்றும் ஒத்துவரவில்லை. அட்டையை எதற்கு எடுத்துப் போனேன் என்று மனைவி மங்கலம் கேட்டாள். சும்மாதான் என்றேன்.

13-1-2025, போகி
வாக்குப்படி பிரைமர் டின், பிரஷ்ஷோடு நின்றேன். சிந்துஜா ஆபீஸ் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள். இடுப்பில் இருந்த புது வெள்ளை வேட்டியின் நுனியைக் கேட்டில் அழுத்தித் தேய்த்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை, பலமாக. வேட்டி பளிச்சென்று இருந்தது.
"மாமா?" என்றாள்.
"ஆபீஸுக்கு நேரமாவல?" என்றேன்.
அந்நேரம் பார்த்து அறிவழகன். தேவனாம்பட்டினத்தில் கட்டும் வீட்டுக்கு இதே கேட்டு வேண்டுமாம்! "கடலோரத்துக்கு ஆவாதுங்க. உப்புக்காத்து துருவ அடங்க விடாது" என்றாள் சிந்துஜா. "அப்ப இந்தக் கலர்ல பெயிண்ட்டாவது குடுங்க மாமா" என்றான்.
"இது டின்னுல வராது மச்சான். ரெண்டு மழ நனையணும்."
சொன்னது நான்தான்.
கையிலிருந்த பிரைமரை அவன் தலையில் கட்டினேன். பிரஷ்ஷையும் சேர்த்து.