திரையில் ஒன்றான நான்கு இழைகள்

ஓரகத்தி என்று உறவுமுறை சொன்னாலும், உடன்பிறந்தவளாகவே என் தோளில் சாய்ந்த என் அன்புக் கமலா,

நீ மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உனக்குச் சொல்ல ஒரு நற்செய்தி இருக்கிறது. அதற்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமையை உன்னோடு சேர்ந்து மறுபடி சிரித்துக்கொள்ள விரும்புகிறேன்.

ஆவடியில் நீ வேலை பார்த்த அச்சகத்துக்குக் கணினி வந்த புதிது. திருமணப் பத்திரிகைக்குச் சிக்குக் கோலம் வேண்டுமென்று ஒரு மாப்பிள்ளையின் தாயார் கேட்க, "எங்க அக்கா போட்டுக் குடுக்கும்" என்று என்னைக் கேளாமலே வாக்களித்துவிட்டாய். எட்டாம் வகுப்போடு நின்று, புள்ளிகளைப் பார்த்துப் பார்த்துக் கோலத்தைத் தானாகவே கற்றவள் நான். அந்த அம்மாளுக்குப் பிடிக்காவிட்டால் நீ எனக்குப் பழக்கிவந்த அந்தக் கணினியின் முன் எனக்கு இனி இடமில்லை. உனக்கும் வசவு நிச்சயம்.

"இன்னாக்கா, கோலமாவ எடுத்தா ராணியாட்டம் கீற, மவுஸத் தொட்டா மட்டும் கை நடுங்குது?" என்றாய். அந்தக் கேலியில்தான் என் நடுக்கம் நின்றது என்பதை நீ அறிவாயா?

கால் பங்கு வரைந்தேன். அதையே நகலெடுத்து, திருப்பித் திருப்பி ஒட்டினேன். முழுக்கோலம் நொடியில் மலர்ந்தது. என் கர்வத்துக்கு அன்று அளவேயில்லை.

அந்த அம்மாள் வந்து, அச்சிட்ட தாளில் விரல் நகத்தால் கோட்டைத் தொடர்ந்தார். நகம் கால் பங்கைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது.

"இன்னாமா இது? நாலு துண்டா நிக்குது. கல்யாணத்துக்கு ஒரே இழையா ஓட வேணாமா?"

தரையில் என் கை இப்பிழையைச் செய்திராது. முதலாளி உன்னை முறைத்தார். நீயோ அசரவில்லை. "அர மணி நேரம் குடு அண்ணாத்தே. அக்கா முடிச்சிக்கினு வரும்."

கோலத்தின் நடுவே, இழைகள் நெருங்கும் நான்கு இடங்களில் மூன்றில் மட்டும் அவற்றை வெட்டி, ஒன்றையொன்று கடக்கவிட்டேன். நான்காவதைத் தொடவில்லை, தொட்டிருந்தால் மீண்டும் பிரிந்திருக்கும். அந்த அம்மாளின் நகம் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வந்து சேர்ந்தபோது, நீ அடித்த விசிலுக்கு முதலாளியே சிரித்துவிட்டார்.

இப்போது செய்தியைக் கேள். அச்சகத்தில் கணினியின் முன்னுள்ள அந்த நாற்காலி இன்று எனக்கே உரியது. சென்ற வாரம், என் கை ஒருமுறையும் தரையில் போட்டறியாத பெருங்கோலம் ஒன்றைத் திரையிலேயே படைத்தேன். முத்தாபுதுப்பேட்டையில் நம் எதிர்வீட்டுப் பெண்மணி அதைப் பார்த்து, "மிஷினு போட்டத உன் கை போடுமா?" என்று கேட்டார். நீ இருந்திருந்தால் அவரை என்ன பாடு படுத்தியிருப்பாய்!

கமலா, உனக்கு வாக்களிக்கிறேன். வரும் பொங்கலன்று, தெருவே பார்த்திருக்க, அக்கோலத்தை நம் வாசலில் தாளைப் பாராமல் ஒரே இழையாகப் போட்டு முடிப்பேன். விசிலையும் நானே அடித்துக்கொள்வேன்.

என்றும் உன் கேலிக்கு உரியவளான,
உன் அக்கா