ஆணியிலிருந்து கழற்றிய படம்

தங்கச்சி,

மூத்த பேரன் ஜெபல் அலியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். நடுவுள்ளவள் நர்சிங் முடித்து டியூட்டியில் சேர்ந்துவிட்டாள். கடைக்குட்டி ஜெனியை ஈட்டி எறிய வெளிநாட்டுப் போட்டிக்கு எடுத்திருக்கிறார்கள். உன் கை அவளுக்கு. நீ இருந்தால் போனில் இதை மூன்று தடவை சொல்லியிருப்பேன். நீயும் புதுசாகக் கேட்பதுபோலக் கேட்டிருப்பாய்.

இன்று ஜெனியோடு கிளினிக்குக்குப் போய் வந்தேன். அந்த ஸ்பிரிட் வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. பெண்கள் பிரிவில் எறிய வேண்டுமானால் பெண்தானா என்று பார்க்க வேண்டுமாம். பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்துக்குள் ஒரு தடவு, அவ்வளவுதான். உனக்கு அப்படியா நடந்தது? நாலு பேர் முன்னால் துணியை அவிழ்க்கச் சொன்னார்கள். நீ இனிப் பெண்கள் பிரிவில் எறியக் கூடாது என்ற முடிவை உன்னிடம் யாரும் சொல்லவில்லை. டீக்கடையில் பேப்பர் படித்தவர்கள் சொல்லித்தான் நமக்கே தெரிந்தது.

"சோதிச்சது தப்பில்லக்கா. எங்கூட எறியுற பிள்ளைகளுக்கும் நியாயம் வேணும்லா. எங்கிட்ட மொதல்ல சொல்லிருக்கலாம்" என்றாய்.

ஊரார் பேசியதை விடு. நான் செய்ததைச் சொல்கிறேன். என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, வந்தவர்கள் உன்னைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாதென்று, நீ ஈட்டியோடு நிற்கிற படத்தைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் போட்டேன். காப்பித் தட்டோடு வந்த நீ சுவரில் வெளுத்திருந்த இடத்தைப் பார்த்தாய்.

"யக்கா, செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்."

அடுத்த மாதம் இங்கே வளைகுடாவுக்கு, ஆஸ்பத்திரி லாண்டரி வேலைக்கு வந்துவிட்டாய். உன் பாஸ்போர்ட்டிலும் விசாவிலும், கடைசியில் உன் சவப்பெட்டியோடு ஊருக்கு வந்த காகிதத்திலும் பெண் என்றுதான் இருந்தது. ஈட்டி எறிய மட்டும் அது போதவில்லை. ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு அதற்குமேல் விளங்கவில்லை.

ரிசல்ட் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் ஜெனி கோச்சின் நம்பரை எழுதினாள்.

"அத அடிச்சிட்டு ஒன் நம்பர எழுது மக்களே."

"ஏன் அம்மாச்சி? எனக்கு நார்மலாத்தான் வரும்."

"ஒஞ் சின்ன அம்மாச்சியும் அப்படித்தான் நெனச்சா."

அடித்து எழுதினாள். கராமாவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன், படத்தை ஒளித்ததையும். கேட்டு முடித்ததும் ஜெனி என் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஃபோட்டோ இப்ப எங்க?"

ஊரிலிருந்து வரும்போது எடுத்து வந்திருந்தேன், என் சூட்கேசில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவளே ஹாலில் மாட்டினாள். ஓரம் அரித்திருக்கிறது, உன் கையும் ஈட்டியும் நன்றாகத் தெரிகிறது. பக்கத்தில் இன்னொரு ஆணி அடிக்கச் சொன்னேன். ரிசல்ட் வர இரண்டு வாரம் ஆகுமாம். அதற்குள் பயம் வந்துவிட்டது பிள்ளைக்கு, சாப்பிடாமல் படுத்திருக்கிறாள்.

ரிசல்ட் எப்படி வந்தாலும் சரி, ஈட்டியோடு புதுப் படம் ஒன்று எடுத்துத் தா என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். யார் வந்தாலும் இனி இந்தச் சுவரில் எதையும் கழற்ற மாட்டேன்.