நடுவில் போகாத கோள்

12.9.2025
என் மனைவி ராஜலட்சுமி அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். நாற்பத்தைந்து வயதில், பகலெல்லாம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து. இன்று அசைன்மென்ட் கணக்கை நீட்டினாள். ஒரு கோள் தன் விண்மீனின் முகத்தைக் குறுக்கே கடக்க எவ்வளவு நேரமாகும்? சூத்திரத்தை வருவித்துக் காட்ட வேண்டும்.

“ஒன் தம்பிதான பேராசிரியர். அவன்ட்ட கேளு.”

“கேட்டா நீங்க ரெண்டு நாளு சாப்பிட மாட்டீங்க.”

உண்மைதான். அவள் தம்பி திருமுருகனோடு நான் பேசி எட்டு வருடமாகிறது. நான் விண்ணப்பித்திருந்த கல்லூரி வேலைக்கு, “நான் போடல மச்சான்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, போட்டு, வாங்கிக்கொண்டவன். எனக்குக் கீரமங்கலத்தில் தனியார் பள்ளிதான் வாய்த்தது. என்னால் இவளும் தம்பி வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

13.9
போட்டுக் கொடுத்தேன். சுற்றுப்பாதையின் நீளத்தைச் சுற்றுக்காலத்தால் வகுத்தால் கோளின் வேகம். கடக்கும் தூரம் விண்மீனின் விட்டம் மட்டுமல்ல, கோளின் விட்டமும் சேர்ந்தது. ரயில்வே கேட்டில் எஞ்சின் நுழைந்ததிலிருந்து கடைசிப் பெட்டி வெளியேறும்வரை நிற்கிறோமே, அதுபோல.

“எம்புட்டு அழகாச் சொல்றீங்க” என்றாள். பள்ளியில் ஒருவனும் சொன்னதில்லை.

14.9
புத்தகத்தில் ஒரு கோளுக்கு விடை மூன்று மணி நேரம். என் சூத்திரத்தில் போட்டால் அரை மணிக்கு மேல் கூடுகிறது. புத்தகம் தப்பு.

15.9
புத்தகம் தப்பில்லையோ?

16.9
என் தாளைப் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறாள்! என்னையக் கேக்காம! அவன் பதில்: “மச்சான், கோள் நடுவுலதான் போகணும்னு யாரு சொன்னா?” கூடவே அவன் போட்ட விடை. எம்புட்டுத் திமிரு!

— சொன்னது சரி. மையத்தைவிட்டு ஒதுங்கிப் போனால் பாதை குறுகிவிடும். பத்தாம் வகுப்பு வட்ட நாண். எப்படி விட்டேன்?

ராஜலட்சுமியோடு பேசவில்லை. தோசையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

17.9
அவன் விடையைச் சரிபார்த்தேன். கிட்டத்தட்ட அரை மணி குறைகிறது. கோளை வெறும் புள்ளியாக எடுத்திருக்கிறான்! பேராசிரியர்!

வாட்ஸாப்பில் சொன்னால் போதாது. அவன் குரல் இறங்குவதைக் காதால் கேட்க வேண்டும். போன் போட்டேன்.

“மாப்ள, ஒன் ரயில்ல எஞ்சின் மட்டுந்தான் ஓடுமா?”

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “ச்சே! ஆமா மச்சான்” என்று சிரித்தான்.

இரண்டு பேர் தாளையும் சேர்த்தோம். இரண்டு ஆரங்களையும் கூட்டி வர்க்கம், அதில் மையத்தைவிட்டு விலகிய தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலத்தை இரட்டித்து, வேகத்தால் வகுத்தால் — மூன்று மணி.

“வந்துருச்சு மச்சான்!”

அந்த வேலையைப் பற்றிக் கேட்க இருந்தேன். அதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

21.9
அவன் வீட்டில் சாப்பாடு. அந்த வேலையைப் பற்றிக் கேட்டே விட்டேன். “ஒங்கட்ட சொல்லத் தைரியமில்ல மச்சான்” என்று இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நான் மன்னிக்கவில்லை. மீன் குழம்பை மட்டும் இரண்டாம் முறை வாங்கினேன். ராஜலட்சுமி தம்பி வீட்டு அடுப்படியைவிட்டு வெளியே வரவே இல்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

18.10
அசைன்மென்ட்டுக்குப் பத்துக்கு எட்டு. அந்த இரண்டு எங்கே போனது? மாப்ளைக்கு போன் போட்டேன். ராஜலட்சுமி முன்பே சொல்லியிருப்பாள்போல, கொதித்துக்கொண்டிருந்தான்.

“திருத்துனவன சும்மா விடக்கூடாது மச்சான்.”

அதைத்தான் நானும் சொன்னேன். வெகுநேரம் சொன்னேன். மதிப்பெண் வாங்கியவள் பக்கத்தில் உட்கார்ந்து, போன் எப்போது தன் கைக்கு வரும் என்று காத்திருந்தாள்.