தெரியாத பாஷையில் ஒரு பாட்டு

1984 ஆகஸ்ட் 17, வெள்ளி

பாவாவுக்கு லீவு முடிந்துவிட்டது. நாளைக் காலை ரயிலில் மெட்ராஸ் போய்க் கப்பல் ஏறுகிறார். எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து இப்படித்தான்.

போன வருஷம் ஜப்பானிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் ஒரு பெண் மெதுவாகப் பாடுகிறாள். மறுபக்கம் அதே பாட்டுகளுக்கு இசை மட்டும்; நாமே பாடிக்கொள்ளலாம். அவர் இல்லாத மாதங்களில் கேட்டுக் கேட்டு ஒரு பாட்டை மனப்பாடம் செய்திருந்தேன்.

இன்று சாயங்காலம் கரண்ட் போய், தெருவில் தறிச் சத்தம் நின்றது. பேட்டரியில் மறுபக்கத்தைப் போட்டுப் பாடினேன். துணி மடித்துக்கொண்டிருந்த பாவா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா பாடுறேன்னு தெரிஞ்சுதான் பாடுறியா?"

"தெரியாது பாவா. ராகம் நல்லா இருக்குதேன்னு பாடினேன்."

"துறைமுகத்துல நின்னுகினு, போவாதேன்னு புருஷங்கிட்ட அழுவுறா. கூட வேலை செய்யற ஜப்பான்காரன் சொன்னான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. 'போகாதே' என்ற அந்த வார்த்தையை ஒரு நாளும் நான் அவரிடம் சொன்னதில்லை. பாவா கேசட்டைப் பின்னால் ஓட்டினார்.

"இன்னொரு வாட்டி பாடு."

அர்த்தம் தெரிந்தே பாடினேன். முடியும்வரை அவர் என் கையை விடவில்லை. நாளைக்கு அவர் போகத்தான் போகிறார். ஆனாலும் சொல்லியாகிவிட்டது.