அம்மாவின் ஃபிரிட்ஜுக்கு ஒரு டிஸ்ப்ளே

கமகுவே,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் டயாமிக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிர் ஊரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் பெரிய காரியம். இங்கே மூச்சு இருக்கிறது, கரண்டுதான் இல்லை. போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று பயந்துவிடாதே. போனில் சொன்னால் இந்த இரண்டு அறை வீட்டில் உன் அம்மா காதில் விழும். அதனால்தான் உன் ஊர் மொண்டெவிடியோவுக்கு வரும் பக்கத்துத் தெரு ஒஸ்னியெல் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஃபிரிட்ஜின் பழைய தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, குளிர் நிற்காமல் ஏறி, அம்மாவின் இன்சுலின் உறைந்துபோனதைச் சொன்னேன் அல்லவா? உறைந்த மருந்து கரைந்தாலும் உதவாது, பார்க்க மட்டும் நல்ல மருந்து போலவே இருந்து தொலைக்கும். கிளினிக்கில் மறுபடி கிடைப்பதற்குள் அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால் நானே ஒரு தெர்மோஸ்டாட் கட்டினேன். சோப்பு டப்பாதான் பெட்டி, கரண்ட் போனால் மோட்டார் சைக்கிள் பேட்டரி. டிஸ்ப்ளே மட்டும் பாக்கி. இரவில் நான் கிடங்குக் காவலுக்குப் போய்விடுவேன். உள்ளே எட்டு டிகிரியைத் தாண்டினால் மருந்தை எடுத்துக்கொண்டு, ஜெனரேட்டர் வைத்திருக்கும் எதிர்வீட்டு நர்ஸ் ஓடால்மிஸிடம் போக வேண்டியவள் உன் அம்மாதான். அவள் கண்ணுக்கு எது தெரியுமோ அதையே மாட்டலாம் என்று நினைத்தேன்.

மூன்று வைத்திருந்தேன். ஒன்று கால்குலேட்டரில் இருப்பது போன்ற சாம்பல் நிறக் கண்ணாடித் திரை, பேட்டரியைத் தின்னாது, ஆனால் மங்கல். இன்னொன்று நீ அனுப்பிய குட்டித் திரை, அழகுதான், எழுத்து கடுகு அளவு. மூன்றாவது, உடைந்துபோன, டோக்கன் எண் காட்டும் பலகையிலிருந்து கழற்றிய சிவப்பு எண்கள், ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் உயரம், பேட்டரியைக் குடித்துவிடும். சென்சாரை ஃபிரிட்ஜுக்குள் வைத்துக் கண்ணாடித் திரையைக் காட்டினேன். நாலு என்றாள், சரி. குட்டித் திரையைக் காட்டினேன். நாலு என்றாள், அதுவும் சரி. பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே சிவப்பை மாட்டினேன். சென்சார் அப்போது என் உள்ளங்கையில் இருந்தது, முப்பத்துமூன்று என்று பளிச்சென்று எரிந்தது. அதற்கும் நாலு என்றாள். எனக்குத் திக்கென்றது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இப்போது எவ்வளவு என்று கேட்டேன். "நாலுதான் கிழவா, எத்தன தடவ கேப்ப? காலையிலேர்ந்து நீயே நாலுல நிக்கணும், நாலுல நிக்கணும்னு பொலம்பிட்டுத்தான இருக்க" என்றாள்.

நான் அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "அணைச்சிட்டியா?" என்று கேட்டாள். வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம், உருவம் எதுவும் தெரிவதில்லையாம், ரொம்ப நாளாகவே அப்படித்தானாம். மறுநாளே கூட்டிப்போய்க் காட்டினேன், சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி மருந்தை இத்தனை நாளும் கைத்தடவலில்தான் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். குளியலறையில் மயங்கி விழுந்தாளே, அது வெயிலால் இல்லை மகளே, மருந்தின் அளவு தப்பியதால். இப்போது ஓடால்மிஸ் வந்து போட்டுவிடுகிறாள். மூன்று டிஸ்ப்ளேயையும் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு ஒரு பஸ்ஸர் வைத்தேன். பொத்தானை அமுக்கினால் எத்தனை டிகிரியோ அத்தனை தடவை கத்தும், அவள் எண்ணிக்கொள்வாள். "உன்ன மாதிரியே தொணதொணக்குது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை எழுதும்போது எதிரில் உட்கார்ந்து விரலால் தடவித் தடவி அரிசியில் கல் பொறுக்குகிறாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள், சர்க்யூட் வரைகிறேன் என்றேன். போன ஞாயிறு குழந்தையைப் போனில் காட்டினாயே, நெற்றி அப்படியே உன்னை மாதிரி என்றாளே, பேத்தியின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. இனிமேலும் காட்டு, ஆனால் குழந்தையைப் பேச வை. அழுதால் அழட்டும், போனை அதன் வாய்ப்பக்கம் பிடி. "புள்ளைக்கு எழுதிடாத, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா" என்று அம்மா சொன்னாள். சொன்னவள் அவள்தான், வராதே என்று நான் சொல்லவில்லை.

கோப்ரே மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. பதில் எழுதினால் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். உன் கடிதம் வந்தால் ஓடி வந்து என் பக்கத்தில் உட்காருவாள், இனி நான்தான் அவளுக்கு வாசிக்க வேண்டும். நீ எழுதியதை மறைத்து, இல்லாததை வாசிக்க எனக்கு வராது.

உன் அப்பா,
எலாடியோ