இல்லாத தளத்தின் பேரில் பூட்டிக் கிடக்கும் எட்டு அறைகள்

அனுப்புநர்:
கோ ஷிங்-யூவான்,
செயலாளர், மென்கரை அறக்கட்டளை இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம்,
ஷுய்காங், தைவான்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கட்டடப் பிரிவு, நகர அலுவலகம், ஷுய்காங்.

பொருள்: இல்லத்தின் புதிய மேல்தளத்துக்குப் பயன்பாட்டுச் சான்று மறுக்கப்படுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 12-08-2025: தங்கள் பிரிவின் அனுமதி பெற்றுக் கட்டி முடித்த மேல்தளத்துக்குப் பயன்பாட்டுச் சான்று கோரி விண்ணப்பித்தோம்.

2. 26-08-2025: விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. காரணம்: "இது ஐந்தாம் தளம். இப்பகுதியில் நான்கு தளங்களுக்கு மேல் அனுமதி இல்லை."

3. 03-09-2025: நான் நேரில் வந்தேன். தங்கள் எழுத்தர் திரு. பாய் மரியாதையாகவே பேசினார். அவர் சொன்னது: "வாத்தியார் சார், வரைபடத்துல அஞ்சுன்னு இருந்தா எனக்கு அது அஞ்சுதான். நாலுன்னு மாத்திக் கொண்டாங்க, வேலை முடிஞ்சுது." அன்றே மாற்றிக் கொடுத்தோம்.

4. 19-09-2025: மீண்டும் மறுப்பு. வரைபடத்தில் நான்கு என்றும் மின்தூக்கி உரிமத்தில் ஐந்து என்றும் இருப்பதால் ஆவணங்கள் முரண்படுகின்றனவாம். அந்த உரிமத்தை வழங்கியதும் தங்கள் பிரிவே.

5. 14-10-2025: ஆய்வாளர் வந்தார். மின்தூக்கியின் பொத்தான்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார். படிக்கட்டில் கால் வைக்கவில்லை. "ஐந்து தளங்கள் காணப்பட்டன" என்பது அவருடைய அறிக்கை.

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்தவன். எங்கள் கட்டடத்தில் தரையில் இருப்பதை முதலாவதாக வைத்து எண்ணினால் தளங்கள் நான்கு. பொத்தான்கள் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. இடையில் நான்கு விடுபட்டது ஏன் என்று இந்த ஊரில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. உச்சரிப்பில் 'சாவு' என்ற சொல்லை நினைவூட்டும் அந்த எண்ணை எந்த மருத்துவமனையும் கதவில் எழுதுவதில்லை. எங்கள் நோயாளிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. பார்க்க வரும் உறவினர்கள்தான் அந்தப் பொத்தானை அழுத்த மாட்டார்கள். கட்டடக் கலைஞர் ஊர் வழக்கப்படி எழுதினார். தங்கள் பிரிவும் ஊர் வழக்கப்படி உரிமம் அளித்தது. இப்போது அந்த வழக்கத்தை எங்கள் மீறலாக எண்ணுகிறீர்கள்.

தங்கள் அலுவலகத்திலும் கட்டடப் பிரிவு "ஐந்தாம் தளத்தில்" இயங்குகிறது. சென்ற வாரம் மின்தூக்கியைத் தவிர்த்துப் படியேறி வந்தேன். நான்காவது தளத்தில் தங்கள் பெயர்ப்பலகை இருந்தது.

இதில் பாதிக்கப்படுவோர் யார் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை. எங்களிடம் இருப்பவை பன்னிரண்டு படுக்கைகள். பத்தாண்டுகளுக்கு முன்பு அவை போதுமானவையாக இருந்தன. இன்று பிள்ளைகள் தலைநகரிலும் வெளிநாட்டிலும் இருக்க, முதியவர்கள் வாடகை அறைகளில் தனியே வாழ்கிறார்கள். சொந்த வீடுள்ளவரை, ஊர் வழக்கப்படி, கடைசி மூச்சுக்கு முன் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறோம். வாடகை அறையில் இருப்பவருக்கு அந்தக் கூடம் இல்லை. ஆகஸ்ட் முதல் எங்கள் காத்திருப்புப் பட்டியலில் இருந்த ஏழு பேர் இறந்துவிட்டனர். அவர்களில் மூவர் மருத்துவமனை நடைகூடத்தில் இறந்தனர்.

இப்போது பட்டியலில் முதலில் இருப்பவர் திருமதி தியூ ஷியூ-ஜின், வயது அறுபத்தொன்பது, மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணையத்தில் புற்றுநோய். ஆறு வாரம் என்று மருத்துவர் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. அவர் குடியிருக்கும் வாடகை அறையின் உரிமையாளர் நான் இருக்கும்போதே அவரிடம் இப்படிச் சொன்னார்: "அக்கா, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா நீங்க இங்கயே போயிட்டீங்கன்னா, அப்பறம் இந்த ரூமுக்கு யாரு வருவா?" அறையைக் காலி செய்ய நவம்பர் முப்பது வரை அவகாசம் கொடுத்திருக்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. அந்நியர் ஒருவர் இறந்த அறையை நானும் வாடகைக்கு எடுக்க மாட்டேன். தாங்களும் எடுக்க மாட்டீர்கள்.

சான்று ஏன் வரவில்லை என்று திருமதி தியூவுக்கு விளக்கினேன். அவர் சிரித்தார், சிரித்தால் அவருக்கு வலிக்கும். "அப்ப அந்த நாலாவது மாடிய எனக்குக் குடுத்துருங்க தம்பி. யாரு கணக்குலயும் இல்லாத இடம். அங்கேருந்து என்னை யாரு காலி பண்ணச் சொல்லப் போறா?" என்றார்.

எட்டு அறைகளிலும் விரிப்பு போட்டாயிற்று. ஆக்சிஜன் குழாய்கள் சோதிக்கப்பட்டுவிட்டன. செவிலியர் மூவர் செப்டம்பரிலிருந்து பணிக்குக் காத்திருக்கிறார்கள். கதவுகளில் தங்கள் பிரிவு முத்திரையிட்ட தடைத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது.

ஆகவே, தாங்களோ தங்கள் பொறியாளரோ நேரில் வந்து, பொத்தான்களை விட்டுவிட்டுக் கான்கிரீட் தளங்களை எண்ணிப் பார்த்துச் சான்று வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். கதவில் எந்த எண்ணை எழுதச் சொன்னாலும் எழுதுகிறோம். எண்ணே வேண்டாம் என்றாலும் சம்மதம்.

தங்கள் முடிவு 21-11-2025, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள், தங்கள் கையொப்பத்துடன் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசி விளக்கத்தைப் பதிலாகக் கொள்ள மாட்டேன். அதற்குள் வராவிட்டால், இம்மனுவை இணைப்புகளுடன் மாவட்ட மேல்முறையீட்டுக் குழுவிடம் திங்கட்கிழமை காலை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

முடிவு மீண்டும் மறுப்பாகவே இருக்குமானால், அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். திருமதி தியூவின் பெயருக்கே அனுப்புங்கள். அவருடைய முகவரியை இணைத்துள்ளேன். அது இம்மாதம் முப்பதாம் தேதி வரை செல்லும்.

இடம்: ஷுய்காங்
நாள்: 10-11-2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
கோ ஷிங்-யூவான்

இணைப்பு: மறுப்புக் கடிதங்கள் இரண்டு, மின்தூக்கி உரிமத்தின் நகல், ஆய்வாளர் அறிக்கை, இரு கட்டடங்களின் படிக்கட்டுப் படங்கள், திருமதி தியூவின் முகவரி.